வேனா, அங்கன்வாடியா, அப்பத்தாவா?

சின்னவனுக்கு வருகிற ஜூனில் மூன்று வயது எட்டு மாதம் ஆகிறது. "எங்கே சேர்க்கப் போறீங்க?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. பால் ஊற்ற வருபவர்கூடக் கேட்டுவிட்டார். எனக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. காரைக்குடியில் பெரியவள் படிக்கிற அதே ஆங்கிலவழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்து வேனில் ஏற்றிவிடுவது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அங்கன்வாடிக்கு அனுப்புவது. இரண்டும் வேண்டாம் என்று இன்னும் ஒரு வருடம் அப்பத்தாவோடு வீட்டிலேயே விடுவது.

நாங்கள் இருப்பது ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நானும் வீட்டுக்காரரும் காரைக்குடியில் வேலை பார்க்கிறோம். எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். மாமனார், பிள்ளைகளுக்கு ஐயா, முப்பது வருடம் ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறையில் தரைக்குப் பதிக்கிற கல் போட்டவர். மாமியார், எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பத்தா, ஆர்டருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறார். இந்த இரண்டு தொழிலுக்கும் இந்த முடிவில் பங்கு உண்டு, அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

வேன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது பட்டுத் தெரிந்தது. பெரியவளை மூன்றரை வயதில் வேனில் ஏற்றினோம். காலை ஏழு நாற்பதுக்கு வண்டி வரும். ஊர் ஊராகச் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பள்ளி போய்ச் சேர எட்டு ஐம்பது. சாயங்காலமும் அதே சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிள்ளை உட்கார்ந்தே வரவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும், ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது என் மகள் ஏற்கெனவே யு.கே.ஜி. முடித்திருந்தாள்.

வேனில் தூங்கிவிடுவாள். ஐந்து மணிக்கு அரைத் தூக்கத்தில் இறங்குகிறவளுக்கு ராத்திரி பத்தரை வரை கண் மூடாது. மறுநாள் ஏழு மணிக்கு எழுப்பினால் வீடு இரண்டுபடும். ஒருநாள் பின்சீட்டில் சுருண்டு தூங்கியவளை யாரும் கவனிக்கவில்லை, வண்டி எங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. இருபது நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இருபது நிமிஷத்தில் மாமியார் வாசலுக்கும் முச்சந்திக்குமாக எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று இரண்டாம் வகுப்பில் அவள் ஆங்கிலம் கூசாமல் பேசுகிறாள். மாத்திரை அட்டையில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுகிறாள். புது ஆள் முன்னால் நிற்க அவளுக்கு வெட்கம் கிடையாது, எனக்கு இருபது வயதிலும் இருந்தது. இதெல்லாம் அந்தப் பள்ளி கொடுத்ததுதான். தமிழில்தான் ண, ன, ந மூன்றும் இன்னும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.

அந்த எல்.கே.ஜி.யில் கைவேலையும் இருந்தது. "ஆக்டிவிட்டி" என்று ஒரு கவர் வரும். வெட்டிய ஃபோம் ஷீட், பசை, ஒரு மாதிரிப் படம். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு நான் உட்கார்ந்து வண்ணத்துப்பூச்சி ஒட்டுவேன். என் வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு ஸ்டார் கிடைத்தது. அந்த வருடம் எல்.கே.ஜி. படித்தது யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சந்தேகம் உண்டு.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அப்பத்தாவிடம் விட்டால் பிள்ளை என்ன கற்கும் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுத் தரையை ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய வீடுகளில் முகப்புக்கு ஒரு டிசைன், வளவுக்கு ஒரு டிசைன் என்று அளந்து போட்டிருப்பார்கள். எங்களுடையது மிச்சக்கல் வீடு. ஒவ்வொரு ஆர்டரிலும் நாலு, ஆறு என்று மிஞ்சிய கல்லை மாமா கொண்டுவந்து சேர்த்து வைத்துப் போட்ட தரை. ஒரே அறையில் பதினொரு விதம் இருக்கிறது. சின்னவன் அதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறான்: பூக்கல், நட்சத்திரக்கல், தோசைக்கல், பூச்சிக்கல். பச்சையை மிதிக்காமல் அடுப்படி வரை போக வேண்டும் என்பது அவனும் ஐயாவும் போட்டுக்கொண்ட சட்டம். தவறினால் மறுபடி வாசலிலிருந்து வர வேண்டும். பத்து வரை எண்ணக் கற்றது இந்தத் தரையில்தான், யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

போன மாதம் ஒருநாள் ஐயா அவனுக்குக் கல் போடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் கூழை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பூ கண்ணாடியைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கும். அப்புறம் தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடியை எடுத்த பிறகுதான் முகம் தெரியும். இவனுக்கு எவர்சில்வர் தட்டில் நாலு வேப்பிலையை அடுக்கி, மேலே ஈர மணலைப் போட்டு அமுக்கி, கவிழ்த்துக் காட்டினார். மணல் மேல் இலை தெரிந்ததும் பையன் வாயைப் பிளந்தான். அன்று சாயங்காலம் வரை தட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தான். என் செருப்பும் ஒரு கவிழ்ப்பில் போயிற்று.

பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி மத்தியானம் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, பின்னுவார். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சேதியெல்லாம் ஆச்சிக்கு ஒரு பொருட்டில்லை. "அது கெடக்கு, ஓலை நல்லதா வரலையே" என்பார். பனங்குருத்தோலையை வகிர்ந்து, சாயம் ஏற்றிக் காய வைத்து, பின்னுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். நனையாத ஓலை ஒடியும், விளிம்பு விரலைக் கிழிக்கும். ஆச்சி கழிக்கிற துண்டு ஓலையெல்லாம் சின்னவனுக்கு. "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ" என்று வாயால் சொல்லிக்கொண்டே நாலு ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கிறான். ஐந்தாவது ஓலையில் எல்லாம் அவிழும். அவிழ்ந்தால் எனக்குத்தான் கோபம் வருகிறது, அவனுக்கு வரவில்லை. பென்சில் பிடிக்கிற மூன்று விரலுக்கு வேண்டிய வலு இதில் வருகிறது என்பது என் கட்சி. நாலு கோட்டு நோட்டில் மூன்றரை வயதில் வளைவு வளைவாக எழுத வைத்தபோது பெரியவள் அழுததைப் பார்த்தவள் நான்.

அடுப்படியில் உழக்கும் ஆழாக்கும் கிடக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அள்ளி ஊற்றி அதை அவனே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை உழக்கில் தலைதட்டி, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. கோபுரம் குவிப்பது இப்போது அவன் உத்தியோகம். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறைப்படி நடக்கும் பள்ளிகளில் அளந்து ஊற்றுவதற்கென்றே பாத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பரம்பரைச் சொத்து.

இவ்வளவு சொன்ன பிறகு வீட்டிலேயே விட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பிப்ரவரி வரை.

சீடை வெடிக்கும். மாவில் சின்னக் கட்டியோ உமியோ ஈரமோ உள்ளே அடைபட்டுவிட்டால் எண்ணெயில் பட்டாசு மாதிரி தெறிக்கும். முப்பது வருடம் பலகாரம் சுடுகிற அத்தைக்கே ஒருநாள் அது நடந்தது. முன்கையில் நாலு இடத்தில் கொப்புளம். சின்னவன் அப்போது அடுப்புக்கு மூன்று கல் தள்ளி நின்றான். மூன்று கல் என்று நான் சொல்வது தரையை எண்ணித்தான். பெரிய ஆர்டர் வந்தால் வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது, மூன்று பேர் மாவு பிசைகிறார்கள், வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. கொல்லையில் கிணறு, தெரு முனையில் ஊரணி. அத்தைக்கு முழங்கால் வலி. "நான் பாத்துக்கிறேன் ஆத்தா" என்பார், பார்த்துக்கொள்ளவும் செய்வார். ஆனால் ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட அவரால் முடியாது. மத்தியானம் மூவரும் களைத்துப்போன நேரத்தில் போன் பையன் கைக்குப் போகிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் வீட்டிலிருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இன்னொன்று சாப்பாடு. நான் எதிர்பார்க்காத இடத்தில் கணக்கு மாறியது இங்கேதான்.

மூன்றில் சிறந்த சாப்பாடு எங்கே என்று கேட்டால் பேச்சே இல்லை, அத்தை கைச் சாப்பாடுதான். இடியாப்பத்துக்கு அப்போதே பிழிந்த தேங்காய்ப்பால், நெய் மிதக்கும் கும்மாயம், முந்தின ராத்திரியே ஊறப்போட்ட கவுனி அரிசி. பள்ளிக்குப் போனது டப்பாச் சோறு. காலை ஏழு மணிக்கு அடைத்த தயிர்சாதம் பன்னிரண்டரைக்கு என்ன பதத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, பாதி திரும்பி வரும். அங்கன்வாடியில் சுடச்சுடக் கலந்த சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை, மற்ற நாளில் பயறோ உருளைக்கிழங்கோ. ருசியில் வீட்டுக்குப் பக்கத்தில் வராது. நானே தின்று பார்த்தேன், சாம்பார் சாதம் பரவாயில்லை.

ஆனால் வீட்டில் அவன் சாப்பிடுவது இல்லை, ஊட்டப்படுகிறான். அத்தை கிண்ணத்தோடு பின்னால் போவார். திண்ணையில் ஒரு வாய், ஊஞ்சலில் ஒரு வாய், காக்காயைக் காட்டி ஒரு வாய். முக்கால் மணி நேரம் ஆகும். நடுநடுவே மாவுருண்டை, தேன்குழல், அடிச்சட்டியில் ஒட்டிய பாகு. வீட்டில் பலகாரம் சுடும்போது பிள்ளை கையைக் கட்டிப்போடவா முடியும்? பெரியவளின் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தையானதில் எனக்குப் பாடம் இருக்கிறது.

மார்ச்சில் இரண்டு வாரம் அங்கன்வாடியில் சும்மா உட்கார வைத்துப் பார்த்தோம். முதல் மூன்று நாள் அழுகை, ஆயாம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு. நாலாம் நாள் நான் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் என் பையன். பக்கத்தில் இருந்த சிறுமி முட்டையை இரண்டாகப் பிட்டு மஞ்சளை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். இவனும் பார்த்துப் பார்த்து அதேபோல் பிட்டான். அப்புறம் சோற்றைத் தானே அள்ளி வாயில் வைத்தான். மூக்கில் பாதி, வாயில் பாதி. தட்டு காலி. அன்று ராத்திரி வீட்டில் கிண்ணத்தைப் பிடுங்கித் தரையில் வைத்து, "நானு" என்றான். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதுதான், என் காலுக்கும் ஓய்வு" என்றார்.

அங்கன்வாடியைப் பற்றி ஆகா ஓகோ என்று எழுத வரவில்லை. 1975-ல் வந்த திட்டம். எங்கள் ஊரில் இன்றும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள், என் வீட்டுக்காரர் சத்துணவுச் சோறு தின்று வளர்ந்ததும் அங்கேதான். ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. பிள்ளைகளின் எடை, உயரம், கர்ப்பிணிகளின் கணக்கு எல்லாம் அதே டீச்சர்தான் போனில் ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதற்கும் அவரைத்தான் தேடுகிறார்கள். அந்த நாட்களில் பாட்டும் கிடையாது கதையும் கிடையாது, பிள்ளைகள் தாங்களாக விளையாடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அப்படி மூன்று நாள் பார்த்தேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

டீச்சர் இருக்கிற நாளில் நன்றாகவே நடக்கிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து அதை ஒட்டிப் பாட்டு, கதை, விளையாட்டு. நான் போன அன்று காய்கறி. ஒரு கத்தரிக்காயைக் கைமாற்றி அதைப் பற்றி ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். சின்னவன் சொன்ன வார்த்தை "வழுக்கை". குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்த இராயவரம் எங்களுக்கு அதிகத் தூரமில்லை. இந்தச் சீமையில் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டு ராகத்தோடு காதில் விழ வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெரியவள் விஷயத்தில் அது தவறிப்போனது.

எழுத்தைப் பற்றி வீட்டுக்காரருக்குக் கவலை. "ஆங்கிலம் பின்தங்கிடுமே" என்றார். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்தால் போதும். இவனுக்கு அதற்கு முழுசாக இரண்டு வருடம் இருக்கிறது. தவிர வீட்டிலேயே ஒரு ஆங்கில டீச்சர் இருக்கிறாள். பெரியவள் தினமும் ஆறு மணிக்கு மேல் சிலேட்டோடு இவனை உட்கார வைத்து, அவளுடைய மிஸ் மாதிரியே கண்ணை உருட்டுகிறாள். 'பி'க்கும் 'டி'க்கும் தொப்பை எந்தப் பக்கம் என்று அவள் சொல்லிக் கொடுக்கிற முறை எனக்கே புதிது.

மற்ற வழிகளையும் பார்த்தோம். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பள்ளி ஒரு கிலோமீட்டர் சுற்றில் இருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தனியார் பள்ளியே இல்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி, அதனால் அதுவும் இல்லை. காரைக்குடியில் ப்ளே ஸ்கூல் இருக்கிறது. அதற்கும் வேன்தான்.

பணத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பெரியவளின் வேன் கூலியே மாதம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இரண்டாவது சீட்டுக்கும் கட்ட எங்களால் முடியும், கஷ்டப்பட்டு முடியும். அங்கன்வாடிக்கு ஒரு காசு கிடையாது. அதனாலேயே அதை மட்டமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு காதுகுத்தில் என் சித்தி, "ரெண்டு பேரும் சம்பாதிச்சிட்டுப் பால்வாடிக்கா?" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

ஆக, நாங்கள் முடிவு செய்தது இது. ஜூனிலிருந்து சின்னவன் அங்கன்வாடிக்குப் போகிறான். பத்து மணிக்கு ஐயா கொண்டுபோய் விடுவார், சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் மூன்று மணிக்கு அவரே கூட்டி வருவார். அத்தை அடுப்பு மூட்டுவது பத்திலிருந்து மூன்றுக்குள். எண்ணெய்ச் சட்டி இறங்கிய பிறகுதான் பையன் வீட்டுக்குள் வர வேண்டும். தீபாவளி ஆர்டர் இந்த நேரத்துக்குள் அடங்காது, அப்போது என் அம்மா வந்து பத்து நாள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மணிக்கு மேல் ஆச்சி வீட்டு ஓலையும் மிச்சக்கல் தரையும் அவனுக்குத்தான். டீச்சருக்கு வெளிவேலை இருக்கிற நாளில் ஐயா அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று டீச்சரே சொன்னார். அன்று எல்லாப் பிள்ளைகளும் மணலில் இலை கவிழ்க்கும் என்று நினைக்கிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளை என் வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிவிட்டார். நாற்பது ரூபாய் ஆயிற்று.

அடுத்த வருடம் யு.கே.ஜி.க்கு வேனா என்பதை அடுத்த மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பெரியவளின் வேன் வேறு பாதையில் வரலாம், அத்தையின் முழங்கால் எப்படி இருக்குமோ.

இப்போதைக்கு வேலை ஒன்றுதான் பாக்கி. சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் தடுப்பூசி அட்டையும் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் இருக்கின்றன. பெரியவளின் தடுப்பூசி அட்டை பத்திரமாக ஃபைலில் இருக்கிறது. சின்னவனுடையது, அத்தை சொல்வதைப் பார்த்தால், ஏதோ ஒரு முறுக்கு டின்னுக்கு அடியில் விரித்திருக்கிறது. அது எந்த வீட்டுக்குப் போன டின் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.